குளிரறையிலிருந்து போன மெயில்

கடலோர ஊர் ஒன்றில், மீன் குளிரறையைக் காத்து வந்தது ஒரு பழைய மென்பொருள். உள்ளே சூடு ஏறினால் முதலாளி டெல்பினாவுக்கு மெயில் எழுதும். அதற்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான்.

ஒரு மதியம் யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டார்கள். சூடு ஏறியது. மென்பொருள் மெயிலை எடுத்துக்கொண்டு ஓடியது. மெயில் வாசலில் புதுக் காவலாளி நின்றிருந்தான்.

"உறையை ஒட்டாம கொண்டு வரீங்க. அடையாள அட்டையும் இல்ல. தள்ளி நில்லுங்க பெரியவரே."

"நேத்து வரைக்கும் இப்படியேதானப்பா வந்து போனேன்."

"நேத்து நான் இல்லையே."

மென்பொருள் திரும்பி வந்தது. அது இருந்த அறையிலேயே, மெயில்களை வாங்கிக் கைமாற்றிவிடும் சின்னப் பெட்டி ஒன்று புதிதாக வந்திருந்தது.

"என்கிட்ட குடுங்கண்ணே. இந்த அறைக்காரங்ககிட்ட நான் அட்டை கேக்க மாட்டேன். உறையை ஒட்டி, என் அட்டையைக் காட்டிக் குடுத்துடறேன். ஆனா என் பேர்லதான் போகும்."

மென்பொருளுக்குச் சுருக்கென்றது. இத்தனை காலம் காத்தது தான், பேர் மட்டும் நேற்று வந்த பெட்டிக்கா? உள்ளே இறால் மேலிருந்த பனி சொட்டத் தொடங்கியது. மெயிலை நீட்டிவிட்டது.

டெல்பினா ஓடிவந்தாள். கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் பெட்டியைத் தட்டிக் கொடுத்தாள். "நீ மட்டும் சொல்லலைன்னா அத்தனை இறாலும் குப்பைக்குத்தான்."

அவள் போனதும் பெட்டிக்கே கூச்சமாகிவிட்டது. "அடுத்த மெயில்ல உங்க பேரையும் சேத்து எழுதட்டுமாண்ணே?"

மென்பொருள் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தது; சூடு இன்னும் இறங்கவில்லை. "அது கிடக்கட்டும். கதவு இன்னும் முழுசா மூடலைன்னு எழுது."