வாசலில் ஒரு பன்னீர்ச் செம்பு

கல்யாண வரவேற்பு வாசலில் இருந்த பன்னீர்ச் செம்புக்கு நெஞ்சு திக்திக்கென்றது. "வர்றவங்களுக்குப் பிடிக்கலைன்னா நாளைக்கே இதைப் பரண்ல போட்டுடலாம்" என்று பெண்ணின் அம்மா செண்பகவடிவு காலையில்தான் சொல்லியிருந்தாள்.

வந்தவர்களோ செம்பைக் கண்டதுமே பட்டுப்புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். "ஐயோ, மேக்கப் கலைஞ்சிடும்!"

பக்கத்திலிருந்த சந்தனக் கிண்ணம் சீண்டியது. "அந்தக் காலத்துல வெயில்ல நடந்து வந்தாங்க, சூடு தணியட்டும்னு உன்னைத் தெளிச்சாங்க. இப்போ ஏசி கார்ல வந்து இறங்குறாங்க. உனக்கு என்னக்கா வேலை?"

"உன்னை மட்டும் அள்ளிப் பூசிக்கிறாங்களாக்கும்! விரல் நுனியில தொட்டு, நாற்காலிக்கு அடியிலதானே துடைக்கிறாங்க" என்றது செம்பு.

அந்த நேரம் பந்திக்கும் மேடைக்குமாக ஓடி ஓடி வேர்த்து வழிந்த செண்பகவடிவு வாசலுக்கு வந்து நின்றாள். செம்பைக் கையில் எடுத்த அவள் தங்கை மகள், விளையாட்டாகப் பெரியம்மாவின் முகத்தில் தெளித்தாள்.

செண்பகவடிவு கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பாடா! இப்பத்தான்டி உயிரே வந்துச்சு. இன்னும் கொஞ்சம் தெளி."

செம்பு குலுங்கிக் குலுங்கித் தெளித்தது.

"இதைப் பத்திரமா எடுத்து வைடி. சின்னவ கல்யாணத்துக்கு வேணும்."

சந்தனக் கிண்ணம் மெல்ல நகர்ந்து செம்பை ஒட்டிக்கொண்டது.

"அக்கா, அப்போ நானும் உன்கூட வரலாம்தானே?"