மணல் கூடை

முதுகுக் காயத்தைச் சோதிக்கப் பெரிய மெஷின் வாங்க அந்த ஆஸ்பத்திரிக்கு வசதியில்லை. மணல் நிரப்பிய பிளாஸ்டிக் கூடைதான் இருந்தது.

"மெதுவா தூக்குங்க. வலிச்சா உடனே இறக்கிருங்க. அத வச்சுத்தான் நஷ்டஈடு" என்றார் டாக்டர்.

இருதயராஜ் குனிந்தார். இடுப்பில் சுரீரென்றது. ஆனால் அவர் சுமை தூக்கும் உப்புக் கிட்டங்கியில், எடுத்த மூட்டையைப் பாதியில் இறக்கினவனை மறுநாள் யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. அவர் உடம்புக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு கூடையைத் தோளுக்கு ஏற்றிவிட்டார். முகம்கூடச் சுளிக்கவில்லை.

"நல்லாத்தானய்யா இருக்கீங்க! ஒண்ணுமில்லன்னு எழுதிர்றேன்."

ஒரு கணம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வாசலில் மனைவி பிலோமி, அவருக்கு அடிபட்ட நாளிலிருந்து செய்வதுபோல மண்டியிட்டு, அவர் காலில் செருப்பை மாட்டிவிட்டாள். மாட்டியபடியே அண்ணாந்து கேட்டாள்: "டாக்டர் என்ன சொன்னாரு?"