கூப்பிட்ட குரலுக்கு

"கார்குழலி! போதும், மேல வா!"

விம்கோ நகர் நீச்சல் குளத்தின் விளிம்பில் நின்று ஜெயவேல் தொண்டை கிழியக் கத்தினான். எப்போதும் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற மகள், இன்று திரும்பிக்கூடப் பார்க்காமல் குஷியாக நீந்திக்கொண்டிருந்தாள்.

"இன்னாண்ணா, உம் பொண்ணு உன்ன கண்டுக்கவே மாட்டேங்குது?" என்று குளத்துக் காவலாளி சிரித்தான்.

"எல்லாம் நான் குடுத்த செல்லம்!"

மானம் போன எரிச்சலில் ஜெயவேல் போட்ட சட்டையோடு தண்ணீரில் குதித்தான். மகளின் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"எவ்ளோ நேரமா கத்திகினு கீறேன், காதுல வுழல?"

அவள் அவன் உதடுகளையே பார்த்தாள். பிறகு தன் வெறுங்காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, அவன் சட்டைப்பையைப் பார்த்து அலறினாள்.

ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாதென்று அவனே கழற்றி வாங்கி வைத்த காது கேட்க உதவும் காக்ளியர் மெஷின், அந்தப் பைக்குள் முழுசாக நனைந்துகொண்டிருந்தது.