முந்தானையில் இரண்டு பெயர்

“இதே புடவைதாம்மா வேணும்” என்று அந்தப் பெரியவர் தன் போனை ஜெயப்ரியாவிடம் நீட்டினார். அதில் ஓடிக்கொண்டிருந்தது போன வாரம் அவளே எடுத்துப் போட்ட ரீல்.

அரக்கு நிறப் பட்டு, பச்சைக் கரை, முந்தானை ஓரத்தில் ஜரிகையால் நெய்த ‘தீபிகா – ஜோசுவா’. கல்யாண ஜோடியின் பெயரை முந்தானையிலேயே நெய்து தருவதுதான் அவள் கடையின் விசேஷம். கடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பிள்ளையார்பாளையத்து வீட்டின் முன்னறையில் நாலு அலமாரி, பின்னறையில் புருஷன் வசந்தின் தறி, அவ்வளவுதான்.

ஜெயப்ரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வருஷமாக ரீல் போட்டுப் போட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். ‘சூப்பர் சிஸ்’ என்று எழுதியவர்கள் ஆயிரம் பேர், அதைப் பார்த்துப் படியேறி வந்தவர் ஒருத்தர் கிடையாது. “லைக்கை வெச்சு பட்டு நூல் வாங்க முடியுமா? இந்த மாசம் இன்னொரு ஆர்டர் வரலன்னா கடையை மூடிடு. நான் கூலிக்கு நெய்யப் போயிடறேன்” என்று வசந்த் முந்தாநாள்தான் எகிறியிருந்தான். இப்போது கார் வைத்துக்கொண்டு ஆள் வந்திருக்கிறது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

“உக்காருங்கய்யா. எந்த ஊர்ல இருந்து வர்றீங்க?”

“கூரம் பக்கம்மா. பேரு கோதண்டபாணி. பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிக்கினு இருக்கறோம்.”

கூட வந்த இரண்டு ஆட்கள் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். ஜெயப்ரியா அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் அம்மா, அத்தை, பெரியம்மா என்று வேன் நிறைய வருவார்கள். ஆண்களுக்கு மூலையில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற வேலைதான். இங்கே பேருக்குக்கூட ஒரு பெண் இல்லை.

“வீட்டுப் பொம்பளைங்க யாரும் வரலீங்களா?”

“அவங்கம்மா படுத்துக்கினு இருக்கறா. நாலு நாளா சோறு எறங்கல.”

“அடப்பாவமே, உடம்புக்கு என்னா?”

“கல்யாணம் முடிஞ்சா எல்லாம் சரியாப் பூடும்மா.”

ரீலில் வந்த புடவையையே அலமாரியிலிருந்து எடுத்து அவர் முன் விரித்தாள். விரிக்கும்போது மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. ஆர்டர் கொடுத்த தீபிகா, “போட்டோ எங்கியும் போடாதீங்கக்கா. வீட்டு அட்ரஸ் எல்லாம் வேணாம், நானே வந்து வாங்கிக்கறேன்” என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஜெயப்ரியாவும் சரி சரி என்று தலையாட்டியவள்தான். ஆனால் தறியிலிருந்து அறுத்த அன்றைக்குப் புடவை கிடந்த அழகைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. பெண்ணின் முகத்தையா போட்டோம், பெயர்தானே, ஊரில் எத்தனையோ தீபிகா இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போட்டுவிட்டாள்.

கோதண்டபாணி ஜரிகையைச் சுரண்டிப் பார்க்கவில்லை. விலையும் கேட்கவில்லை. முந்தானையை மடியில் வைத்து அந்த இரண்டு பெயர்களையும் விரலால் மெல்லத் தடவினார். இப்படி ஒரு தங்கமான கஸ்டமரா என்று உருகிப்போனாள் ஜெயப்ரியா.

“இது யாரோ சொல்லி நெய்ஞ்சதா? அந்தப் பொண்ணு எப்ப வந்து வாங்கினு போவுது?”

“இப்ப வர்ற நேரந்தாங்க. மாப்பிள்ளையும் கூட வர்றாரு. நாளைக்குக் காலையில கல்யாணமாம்.” சொல்லும்போதே அவளுக்கு அடுத்த ரீல் கண்ணில் ஓடியது. “நீங்க கொஞ்சம் இருந்தீங்கன்னா, அந்தப் பொண்ணு தோள்ல போட்டுப் பாக்கறதை நேர்லயே பாத்துக்கலாம். எல்லாருமா ஒரு வீடியோ எடுத்துக்கலாம்.”

“அதுக்கென்னா, இருக்கறோம்மா.” அவர் வாசல் பக்கம் திரும்பினார். “டேய் பாலாஜி, காரைத் தெருமுனையில கொண்டு போய் நிறுத்துறா. கடைக்கு வர்றவங்களுக்கு எடைஞ்சலா நிக்குது பாரு.”

எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். “லைக்கை வெச்சு நூல் வாங்க முடியுமான்னு கேட்டீங்களே, போய்ப் பாருங்க முன்னாடி.” வசந்த் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது! ஜெயப்ரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவும் பேப்பருமாகத் திரும்பி வந்தாள். வாசலில் ஸ்கூட்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கூடவே தீபிகாவின் சிரிப்பும்.

“ஆயுசு நூறு, வந்துட்டாங்க பாருங்க” என்றாள் ஜெயப்ரியா. “உங்களுதுக்குப் பேரு சொல்லுங்கய்யா, எழுதிக்கறேன். பொண்ணு பேரு என்னா, மாப்பிள்ளை பேரு என்னா?”

கோதண்டபாணி புடவையை மடித்துக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். காரை விட்டுவிட்டு வந்த பாலாஜியும் இன்னொருவனும் வாசலில் ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

“பொண்ணு இதே தீபிகாதாம்மா. மாப்பிள்ளை பேரை மட்டும் மாத்திடு.”