சங்கிலிமுத்து மாமாவின் வெள்ளையணுக்கள்

ஊசியைக் கண்டதும் சங்கிலிமுத்து மாமா, கம்பெனிக்கு லோடு வந்திருக்கும் என்று எழுந்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை.

நான் விடவில்லை. நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற மனிதர். ஒரு சத்தம் போட்டால் கம்பெனியே அடங்கும். அவருடைய ரத்தத்தால்தான் மதுரையில் என் பிஎச்.டி. ஊசலாடிக்கொண்டிருந்தது.

என் ஆராய்ச்சி ஒன்றும் பெரிய மாயமில்லை. காளானிலிருந்து எடுத்த சர்க்கரைச் சங்கிலி. பாலிசாக்கரைடு என்பார்கள். அது பிரிந்து தனி இழையாகக் கிடந்தால் நம் ரத்தத்து வெள்ளையணுக்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதே சர்க்கரை மூன்று இழையாக முறுக்கிக்கொண்டு நின்றால், எதிரி வந்துவிட்டான் என்று பாய்கின்றன. உருவத்தைப் பார்த்துப் பதறுவதில் அணுவும் மனுசனும் ஒன்றுதான். பாய்கிற வேகம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

மாற வேண்டும். போன மாதம் மாமாவும் முருகம்மாள் அத்தையும் கொடுத்த ரத்தத்தில் மாறவில்லை. வரைபடத்தில் இரண்டு பேருடைய கோடும் அச்சு அசலாக ஒன்றன்மேல் ஒன்று படிந்துகொண்டன. ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதிவிட்டாய் என்று ஆராய்ச்சிக்கு முதல் ட்யூப் ரத்தம் தந்த என் கைடு சபரிநாதன் சார் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். நாளைக்குள் விளக்கம் சொல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

போன தடவை நர்ஸ் பாண்டிமீனா உள்ளே ரத்தம் எடுத்தபோது, நான் மாமா வீட்டு வாசலில் பெட்டிக்கு ஐஸ் நிரப்பிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை பக்கத்திலேயே நின்றேன்.

பாண்டிமீனா ஊசியின் மூடியைக் கழற்றினாள். மாமா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

அத்தை சாவகாசமாக வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"போன தடவ மாதிரியே எடுத்துக்க தாயி. வலது கை எனக்கு, இடது கை அவுகளுக்கு."

பாண்டிமீனா என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. ஒரே ஆள் ரத்தம் என்றால் இரண்டு கோடும் ஒன்றாக வந்ததுதானே சரி. என் வேலை அத்தனை சுத்தம். அங்கேயே சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துச் சொன்னேன். இதுவும் நான் கட்டிய கதை என்றார். அந்த மாமாவே சொன்னால் நம்புகிறேன் என்றார்.

மாமா அத்தையைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே அவருக்குக் கீழே வேலை செய்கிற ஆட்கள் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் போனை அவர் வாய்ப்பக்கம் நகர்த்தினேன்.

"அய்யா, ஊசின்னா எனக்குப் பயம்யா. அம்புட்டும் எம் பொண்டாட்டி ரத்தம்தான்."

வெளியே பேச்சு நின்றது.

போனில் சார் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவது கேட்டது. திரும்பி வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இசைவாணி, என் பேர் போட்ட ட்யூபையும் கணக்குலேர்ந்து எடுத்துரும்மா. அது எங்க வீட்டம்மாவோடது."