எட்டு ஜிபி, ஒன்பது நாள்

கீ, கீ, கீ என்று மூன்று முறை கத்திவிட்டுக் கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு அப்படியே உட்கார்ந்துகொண்டது.

தருமன் மறுபடி பட்டனை அமுக்கினார். மறுபடி மூன்று கத்தல். செய்யார் தொழிற்பேட்டை வரைக்கும் கேட்டிருக்கும். ஷிப்ட் முடிந்துவிட்டதென்று பாதிப் பேர் கம்பெனி பஸ்ஸில் ஏறியே இருப்பார்கள்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"இன்னா பண்ணீங்க அதை?"

பரிமளாவின் குரல். அவர் மனைவி அவரிடம் பேசி ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஆயிரம் நாதஸ்வரத்தை ஒரே மூச்சில் ஊதினாலும் அப்படி இனித்திருக்காது.

ஒன்பது நாளும் அவள் வாயைத் திறக்காமல் இருந்தாள் என்றில்லை. ஃபிரிட்ஜிடம் பேசினாள். மோர் உள்ளே இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக் குடிக்கலாம் என்று அதன் கதவிடம் சொல்லிவிட்டுப் போவாள். வேண்டியவர் தருமன்.

எல்லாம் அவர் வாய் செய்த வேலை. வயர்மேன் உத்தியோகத்திலிருந்து அவருக்குத்தான் ஓய்வு கொடுத்தார்கள், வாய்க்குக் கொடுக்கவில்லை. பெரணமல்லூரில் ஒரு நிச்சயதார்த்தம். பெண் கட்டியிருந்த பட்டுப்புடவையின் அன்னப்பட்சி பார்டர் தன்னுடைய யோசனைதான் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் அளந்துவிட்டார். அன்னமே கனவில் வந்து, இப்படி வளை, அப்படி வளை என்று கழுத்தைக் காட்டியதாம்.

இருபத்தாறு நாள் கண் எரிய, கட்டம் கட்டமாக அதைக் கம்ப்யூட்டரில் போட்டவள் பரிமளா. கையில் பாயச டம்ளரோடு அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

வாய் கெடுத்ததைக் கை சரிசெய்யட்டும் என்று, அவளுடைய கம்ப்யூட்டருக்கு எட்டு ஜிபி மெமரி வாங்கி வந்து காலையில் மாட்டினார். அது இப்படிக் கத்துகிறது.

பரிமளா சேலையில் கையைத் துடைத்தபடி வந்தாள். புது பார்டர் படம் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, பன்னிரண்டு மணிக்குள் பாலமுருகனிடம் போக வேண்டும், அவர் அதைப் பார்த்து அட்டையில் துளை அடித்தால்தான் தறி ஓடும் என்றாள். அத்தனையையும் ஃபிரிட்ஜைப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

தருமன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த மண்ணுக்கு, வெம்பாக்கம் பக்கம் கால் காணி மல்லாட்டைப் பயிர் போட்டிருக்கலாம். பரிமளா டார்ச் பிடித்தாள். அவர் புது மெமரியைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார்.

பொன்னிறப் பல்வரிசையின்மேல் சந்தனம். சந்தனத்தின்மேல் குங்குமம். மூன்று இடத்தில்.

தொழிலுக்கென்று எது புதிதாக வந்தாலும் பொட்டு வைக்காமல் தொடுகிற வழக்கம் அந்தத் தெருவிலேயே கிடையாது. தறிக்குப் புது நாடா வந்தாலும் சரி, போன வருஷம் இந்த வீட்டுக்கு வந்த மவுஸானாலும் சரி. மெமரியில் ஜரிகை மாதிரி மின்னிய இடம்தான் தருமனுக்கு லட்சணமாகத் தெரிந்திருக்கிறது.

பரிமளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டார்ச் வெளிச்சம் சுவரெல்லாம் குலுங்கியது.

அழி ரப்பரால் தேய்க்கச் சொல்லி எடுத்துக் கொடுத்தாள். தருமன் புதியதைத் தேய்த்தார். துணைக்கிருந்த பழைய மெமரியையும் உருவித் தேய்த்தார். அடுப்பில் சோறு பொங்குகிற வாசனை வரவே, அவள் ஓடிப்போய் இறக்கிவைத்துவிட்டு வந்தாள். அதற்குள் அவர் தகட்டை மூடியிருந்தார்.

பட்டனை அமுக்கினார். கீ, கீ, கீ.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய வைத்தியம். விசிறியைத் துடைத்தார். பித்தான் மாதிரி இருந்த பேட்டரியைக் கழற்றி ஊதி மாட்டினார். வயர் ஒவ்வொன்றையும் பிடுங்கிச் சொருகினார். ஊரில் உள்ள மொத்த ஸ்குரூவும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது என்று பின்னாளில் அவர் சொல்லப்போகிறார். பரிமளா ஒவ்வொன்றாக எண்ணி அவர் கையில் வைத்தாள். வைக்கும்போதே எதிர்வீட்டு வளைகாப்பு, மகள் போனில் சொன்னது, தண்ணீர் மோட்டாரில் புதிதாகக் கேட்கிற உறுமல் என்று ஒன்பது நாள் சேதியும் வந்தது. நடுவில் காபி வந்தது, இரண்டு டம்ளரில்.

தருமன் தலையைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டார். அங்கிருந்துதான் பேச முடிந்தது.

"அந்த அன்னப்பட்சியில ஒரு கட்டம்கூட என்னுது இல்ல. பெரணமல்லூருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

வெளிச்சம் அசையாமல் நின்றது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள்.

"அன்னிக்கே நம்பலியாம்."

பரிமளா டார்ச்சை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால். பாலமுருகன் அட்டையை அடுக்கி வைத்துக்கொண்டு வழி பார்த்துக்கொண்டிருப்பார். இனிமேலும் இழுத்தால் பாவம். தருமன் தலையை வெளியே எடுத்தார், பெரிய ரகசியம் பிடிபட்டவர் போலப் புருவத்தை உயர்த்தினார், கை தானாக மார்புப் பக்கம் போனது.

"சட்டைப் பையில இருக்கிற மெமரி ரெண்டையும் இப்பவே மாட்டிடாதீங்க" என்றாள் பரிமளா. "படத்த முந்தாநேத்தே பென்டிரைவ்ல குடுத்துட்டேன்."