நாற்பதடிக்குக் கீழே ஒரு கத்தி

அரியலூர் பக்கம், கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழியில் பஞ்சநாதனின் தண்ணீர் மோட்டார் மூழ்கிவிட்டது. வயலில் பருத்தி வாடியது. துபாயில் கடலடி வேலை பார்க்கும் லப்பைக்குடிகாடு ஊர்த் தௌஃபீக் லீவில் வந்திருந்தான். அவனைக் கூப்பிட்டார்.

தௌஃபீக் காலில் ஒரு கத்தியும் மார்பில் ஒரு கத்தியும் கட்டினான்.

“ஒரு மோட்டாருக்கு ரெண்டு கத்தியா? கெடா வெட்டவா போறீங்க தம்பி?”

“வலையில சிக்குனா எந்தக் கைக்கும் ஒண்ணு எட்டணும்ண்ணே.”

பஞ்சநாதன் சிரித்த சிரிப்பில் தௌஃபீக் கூச்சப்பட்டு, மார்புக் கத்தியைக் கரையிலேயே கழற்றிவிட்டு இறங்கினான்.

நாற்பதடி ஆழத்தில் பழைய மீன்வலை அவன் வலது கையைச் சுற்றிக்கொண்டது. இடது கையால் கால்கத்தியை உருவினான். அது நழுவிச் சேற்றில் மறைந்தது. சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தான். பக்கத்துப் பாறைமேல் அதே கத்தி இருந்தது, பிடி அவன் பக்கமாக.

வலையை அறுத்து, மோட்டாரைக் கயிறு கட்டி இருவருமாக மேலே இழுத்த பிறகு, நடந்ததைச் சொன்னான்.

பஞ்சநாதன் பதறினார். “கையில குடுத்துச்சா, பாறையில வெச்சுச்சா?”

“பாறையிலதாண்ணே இருந்துச்சு.”

“அப்பாடா! கத்தியக் கையில வாங்குனா சண்டை வந்துரும் தம்பி.”

வைத்தது யார் என்று கேட்காமல் மோட்டாரைத் துடைக்கத் தொடங்கினார்.